கதவு: ஐந்து மதிப்பெண்

மதியத்துக்கான கட்டு, பன்னிரண்டு விடைத்தாள். ஆறு முடிந்து ஏழாவதை இழுத்து முன்னால் வைத்தபோது மணி மூன்று இருக்கும். பாளையங்கோட்டையில், சித்திரை மாதத்து மூன்று மணி. விடைத்தாள் திருத்தும் முகாம் என்று பெயர்தான் பெரிது. ஒரு பள்ளிக்கூடத்தின் நீளமான வகுப்பறை, பெஞ்சுக்கு இரண்டு ஆசிரியர், தலைக்கு மேல் சுற்றுகிறேன் பேர்வழி என்று ஒரு மின்விசிறி, அவ்வளவுதான். பியூலா டீச்சருக்கு இது முப்பத்தோராவது முகாம், கடைசி முகாமும்கூட. மே மாதம் ஓய்வு பெறுகிறாள். இந்த வருஷமாவது நிம்மதியாகத் திருத்திவிட்டுப் போகலாம் என்று வந்தால், பிளஸ் டூ தமிழ் வினாத்தாளில் முப்பத்தெட்டாவது கேள்வியாக அந்தக் கவிதையே வந்து உட்கார்ந்திருக்கிறது. அதை எழுதின குற்றாலிங்கம் செத்து இன்றைக்கு இருபத்தேழு நாள். போதாததற்குக் காலையில் கேட்டுக்குள் நுழையும்போது இலக்கிய வட்டத்துச் செயலாளர் திரவியம் போன் பண்ணினார். "டீச்சர், ஞாயித்துக்கெழம நினைவுக் கூட்டம். அழைப்பிதழ் சாயங்காலம் அச்சுக்குப் போகுது. அவருகூட எம்.ஏ. படிச்சவுகள்ல இப்ப இந்த ஊர்ல இருக்கது நீங்க ஒருத்தர்தான். அந்தக் கதவு எந்தக் கதவுன்னு ஒங்களுக்குத் தெரியும்னு சொல்லுதாவ. நெசமா?" யார் சொன்னார்கள் என்று கேட்க நினைத்து, கேட்காமல், "அஞ்சு மணிக்குச் சொல்லுதேன்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனை அணைத்து வாசல் மேஜையில் ஒப்படைத்துவிட்டு வந்தாள். அதிலிருந்து ஒவ்வொரு விடைத்தாளிலும் முப்பத்தெட்டு வரும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு ஒரு தடவை தட்டிவிட்டு அடங்குகிறது.

கவிதை ஆறே வரி. அவளுக்கு மனப்பாடம், மாநிலத்தில் பாதிப் பிள்ளைகளுக்கும் மனப்பாடம். 'தள்ளினால் திறக்காது. இடது கையால் கொஞ்சம் தூக்க வேண்டும். பிறகு தள்ள வேண்டும். தூக்கத் தெரிந்தவர் போன பின் வெளியே நிற்கிறோம் நானும் கதவும்.' கீழே கேள்வி: இக்கவிதையில் அமைந்துள்ள குறியீடுகளை விளக்குக. ஐந்து மதிப்பெண். மேலிடத்திலிருந்து வந்த விடைக்குறிப்பு பெஞ்சில் விரித்து வைத்திருக்கிறது, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் அவளுடைய மூக்குக் கண்ணாடிப் பெட்டி. கதவு, சமூகத் தடை. தூக்குதல், மக்களின் முயற்சி. இடது கை, பொதுவுடைமைச் சிந்தனை. தூக்கத் தெரிந்தவர், மறைந்த தலைவர்கள். வெளியே நிற்றல், விடுதலைக்கான காத்திருப்பு. ஒன்றுக்கு ஒரு மதிப்பெண், கச்சிதமாக ஐந்து. ஒன்பது வருஷமாக இந்தக் கவிதை பாடத்தில் இருக்கிறது, ஒன்பது வருஷமாக அவளும் கரும்பலகையில் இதையேதான் எழுதிப் போடுகிறாள். பொதுவுடைமைச் சிந்தனை என்று எழுதும்போது மட்டும் சாக்பீஸ் ஒவ்வொரு வருஷமும் ஒடியும். பிள்ளைகள் சிரிக்கும். அந்த இடது கை அவளுடைய கை. இதைச் சொன்னால் யார் நம்புவார்கள்? ஐந்து பேர் நம்பலாம், ஐநூறு பேர் பேசுவார்கள்.

பிறந்ததிலிருந்து இடது கைக்காரி. பீச்சாங்கை, பீச்சாங்கை என்று வீட்டில் ஆளுக்கொரு குட்டு. அப்பா மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர், வாய் திறந்து திட்ட மாட்டார், சாப்பாட்டு நேரத்தில் இடது கையைப் பிடித்து அவள் முதுகுக்குப் பின்னால் வைத்துவிடுவார். அம்மா ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகும்போது காணிக்கையை வலது கையில் திணித்து விரல்களை மூடிவிடுவாள். பள்ளிக்கூடத்தில் கனகாபாய் டீச்சர் ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் அடித்து அடித்து எழுத்தை மட்டும் வலது கைக்கு மாற்றினாள். மற்றதெல்லாம் மாறவில்லை. பூட்டுத் திறப்பது, தீக்குச்சி கிழிப்பது, தண்ணீர் மொள்ளுவது, எல்லாம் இடது. யாராவது பார்த்தால் கை தானாகப் புடவைக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அப்படி ஒளிந்த கைக்கு ஒரு நாள் ஒரு வேலை வந்தது. எம்.ஏ. தமிழ் முதல் வருஷம், ஐப்பசி மழை. மாடியில் வராண்டா முடிகிற இடத்தில் துறை நூலகம், ஒற்றைக் கதவு, தேக்கு. மழையில் ஊதி, கீல் தளர்ந்து, ஒரு பக்கம் இறங்கிவிட்டது. ஆம்பிளைப் பையன்கள் தோளால் இடித்துப் பார்த்தார்கள், காலால் உதைத்தார்கள், பியூன் வந்து ஆசாரியைத்தான் கூப்பிடணும் என்று சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். அவள் வலது கையில் அகராதியும் இரண்டு உரை நூலும் வைத்திருந்தாள். எல்லோரும் கீழே போன பிறகு, சும்மாதான், இடது கையால் அந்த இரும்புப் பிடியைக் கொஞ்சம் தூக்கிப் பார்த்தாள். தூக்கித் தள்ளினாள். கதவு வாயைத் திறக்காமல் உள்ளே போனது. பின்னால் யாரோ, "அட" என்றார்கள். திரும்பினால் குற்றாலிங்கம். தென்காசிப் பக்கத்து ஆள், வகுப்பில் வாயே திறக்காதவன், சட்டைப் பையில் எப்போதும் நான்காக மடித்த காகிதம். அவள் கையை ஒளிக்கப் போனாள். "இருங்க, எப்படிப் பண்ணினீங்க? இன்னொரு தடவ பண்ணுங்க" என்றான். இன்னொரு தடவை செய்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அந்தக் கையை அதுவரைக்கும் யாரும் அடிப்பதற்கு அல்லாமல் பார்த்ததில்லை.

ஏழாவது விடைத்தாள் விடைக்குறிப்பை அப்படியே கக்கி வைத்திருக்கிறது. ஐந்துக்கு ஐந்து. எட்டாவது 'மறைந்த தலைவர்களை' விட்டுவிட்டது, நான்கு. கை தன் பாட்டுக்கு டிக் போடுகிறது, மனசு வேறு எங்கேயோ. குறியீடு என்றால் என்ன என்று வகுப்பில் கேட்டால் அவள் நாற்காலி சொல்லித்தான் விளக்குவாள். உவமையில் ரெண்டு பேரு, ரெண்டு நாற்காலி, நடுவுல 'போல'ன்னு ஒரு மேஜை. உருவகத்துல மேஜையை எடுத்தாச்சு, ஒரே நாற்காலியில ரெண்டு பேரும் நெருக்கிட்டு உக்காந்திருக்காவ. குறியீட்டுல ஒரு ஆளு எந்திச்சுப் போயாச்சு, நாற்காலி மட்டும் கிடக்கு, சூடு ஆறல. யாரு உக்காந்திருந்தாங்கன்னு நீங்கதான் கண்டுபிடிக்கணும். பிள்ளைகளுக்கு இது பிடிக்கும். அவளுக்கும் பிடிக்கும், அந்தப் பாடம் வருகிறவரை. அந்தப் பாடம் வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது நான்தான் என்று சொல்லத் தொண்டை வரைக்கும் வரும். ஐந்து வருஷத்துக்கு முன்னால் ஜெசிந்தா என்று ஒரு பெண், மூன்றாம் பெஞ்சு, சோடாப்புட்டிக் கண்ணாடி, அரையாண்டுத் தேர்வில் எழுதினாள்: கதவு என்பது கதவுதான், கவிஞருக்குத் தெரிந்த ஒருவர் அதைத் திறப்பார் போலிருக்கிறது. பியூலா அதை நாலு தடவை படித்தாள். பிறகு சிவப்பில் சைபர் போட்டாள். மாநிலத்திலேயே சரியான விடை எழுதின ஒரே பிள்ளைக்குச் சைபர், போட்டது விடை தெரிந்த ஒரே டீச்சர். அந்தப் பெண் தாளை வாங்கிக்கொண்டு, "ஸாரி மிஸ், நோட்ஸ் படிக்கல" என்றது. பியூலா ஏன் சைபர் போட்டாள்? ஐந்து கொடுத்திருந்தால் யாராவது ஏனென்று கேட்பார்கள் என்ற பயம். வேறு காரணம் எதுவும் இல்லை, தேடினாலும் கிடைக்காது.

மழை விட்டு மார்கழி வந்தது, கதவு இறங்கினது இறங்கினதுதான், ஆசாரி வரவே இல்லை. ஒன்பதரைக்கு வகுப்பு. ஒன்பதுக்கெல்லாம் குற்றாலிங்கம் மாடியில் கதவுக்கு வெளியே நிற்பான், சுவரில் சாய்ந்து, மடித்த காகிதத்தைப் பார்த்துக்கொண்டு. அவள் படியேறி வந்தால், "கதவுக்காரி வந்தாச்சு" என்பான். அவள் தூக்குவாள், தள்ளுவாள், ஜன்னலைத் திறப்பாள். பழைய காகித வாசனை, பல்லி எச்சம், ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் என்.சி.சி. பையன்கள் இடது வலது என்று கத்துவது. அரைமணி நேரம். என்ன பேசினார்கள்? ஒன்றும் பெரிதாக இல்லை. ஒரு தடவை அவன் கேட்டான்: "நாற்காலிக்குக் கால் இருக்குன்னு சொல்லுதோம், கை இருக்குன்னு சொல்லுதோம். மூஞ்சி ஏங்க வைக்கல?" "மொதல்ல சொன்ன ஆளுக்கு நிக்கணும், சாயணும், அதுக்குப் போதும்னு விட்டிருப்பாரு" என்றாள். "அப்ப கதவுக்கு என்ன இருக்கு?" "கதவுக்குக் கீல் இருக்கு, தாழ்ப்பாள் இருக்கு." "அது கதவோட சொந்தச் சாமான். நாம குடுத்தது ஒண்ணும் இல்லையே, பாவம்" என்று நிஜமாகவே வருத்தப்பட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க வேணா ஏதாவது குடுங்க" என்றாள். "எங்கிட்ட என்ன இருக்கு" என்றான். இதைத்தான் அவள் முப்பத்தேழு வருஷமாகத் திருப்பித் திருப்பி எடுத்துப் பார்க்கிறாள். எப்படித் தூக்குவது என்று அவனுக்கு நாலைந்து தடவை சொல்லிக் கொடுத்தாள். அவன் வலது கையால் தூக்குவான், தப்பான இடத்தில் பிடிப்பான், கதவு அசையாது. "எனக்கு வரல கதவுக்காரி" என்பான். மண்டு என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது விடைத்தாள். எழுத்து குண்டு குண்டாக, அடிக்கோடு பச்சையில். இடது கை என்பது இயலாமையைக் குறிக்கும் என்று எழுதியிருக்கிறது. இயலாமையாம். அவள் தன் கையைப் பார்த்தாள், நரம்பு எழும்பி, கல்யாண மோதிரம் இறுகி, கண்ணாடிப் பெட்டியைப் பிடித்தபடி கிடந்தது. மனசு திரும்ப அங்கேதான் போய் நிற்கிறது, போகாதே என்றால் கேட்கவா போகிறது. இரண்டாம் வருஷம், தை மாதக் கடைசி. அன்றைக்கு வழக்கமாக வரும் ஜோசப் டவுன்பஸ் வரவில்லை, நடந்து வந்தாள், ஒன்பதே கால் ஆகிவிட்டது. செருப்பு அறுந்து கையில் இருந்தது, அதனால் சத்தம் இல்லாமல் படியேறினாள். கடைசிப் படிக்கு இரண்டு படி முன்னால் தலை தரைமட்டத்துக்கு வந்ததும் பார்த்தாள். குற்றாலிங்கம் இடது கையால் பிடியைத் தூக்கினான். சரியான இடத்தில், சரியான அளவு. தள்ளினான். கதவு திறந்தது. உள்ளே எட்டிப் பார்த்தான், ஆள் இல்லை என்று தெரிந்ததும் கதவைத் திரும்ப இழுத்து, தூக்கி, பழையபடி சாத்தினான். சாத்திவிட்டு நகர்ந்து சுவரில் சாய்ந்து நின்றுகொண்டான். காகிதத்தை எடுத்தான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கீழே குழாயடியில் ஐந்து நிமிஷம் நின்று, செருப்பை ஊக்குக் குத்தி மாட்டி, தடதடவென்று சத்தம் போட்டுக்கொண்டு ஏறி வந்தாள். "கதவுக்காரி வந்தாச்சு" என்றான். "இன்னும் திறக்க வரலையா?" என்று கேட்டாள். "எங்க வருது" என்றான். அவள் தூக்கினாள், தள்ளினாள். எவ்வளவு நாளாகத் தெரியும் அவனுக்கு? முதல் வாரத்திலிருந்தே தெரியுமோ? கேட்கவில்லை. கேட்டிருந்தால்? கேட்டிருந்தால் அவன் பதில் சொல்லியிருப்பான், பதில் சொல்லியிருந்தால் அப்பாவிடம் போய் நிற்க வேண்டியிருந்திருக்கும், அப்பா ஒன்றும் சொல்லாமல் அவனையும் பிடித்து முதுகுக்குப் பின்னால் வைத்திருப்பார். சித்திரையில் பரீட்சை, வைகாசியில் ஐசக்கோடு கல்யாணம். குற்றாலிங்கம் வந்து மொய் எழுதாமல், சாப்பிட்டு, வெற்றிலை வாங்கிக்கொண்டு போனான்.

ஐசக்கைக் குறை சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டாள். மின்வாரியத்தில் வேலை, ஒழுங்கான மனுஷன், கதவு கிரீச்சென்றால் அன்று சாயங்காலமே எண்ணெய்க் கேனோடு உட்கார்ந்துவிடுவார். அவர்கள் வீட்டில் இந்த முப்பத்தேழு வருஷத்தில் ஒரு கதவும் மக்கர் பண்ணினதில்லை. அது ஒரு சுகம், அதை அனுபவித்துக்கொண்டே இதையும் நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்று தன்மேலேயே எரிச்சல் வரும். கல்யாணமாகி இரண்டாம் வருஷம் பள்ளிக்கூட விலாசத்துக்கு ஒரு சிறுபத்திரிகை வந்தது. கடிதம் இல்லை, கோடு போட்டிருக்கவில்லை, பதினோராம் பக்கத்தில் ஆறு வரி. ஓய்வறையில் மற்றவர்கள் புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் முதல் நான்கு வரியை வாசித்துக் கண் கலங்கி, கடைசி இரண்டு வரியில் திகைத்து நின்றாள். வெளியே நிற்கிறோம் நானும் கதவும். அவன் வெளியே நின்றான், சரி. கதவு எப்படி வெளியே நிற்கும்? கதவு உள்ளுமில்லை வெளியுமில்லை, நடுவில்தானே இருக்கும். மற்றதெல்லாம் நடந்தது, நடந்ததை நடந்தபடி எழுதியிருக்கிறான். இந்த ஒன்று மட்டும் நடக்கவில்லை. அன்றைக்குச் சிக்கின முள் இன்னும் எடுபடவில்லை. பிறகு கவிதை அவளை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போய்விட்டது. பூட்டின மில்லுக்கு முன்னால் தொழிலாளிகள் தட்டியில் எழுதி வைத்துக்கொண்டு நாற்பது நாள் உட்கார்ந்திருந்தார்கள். பஸ்ஸில் போகும்போது பார்த்தாள், கோபம் வந்தது. எங்கள் நூலகக் கதவை எடுத்துக்கொண்டு வந்து இங்கே ஏன் மாட்டியிருக்கிறார்கள் என்று. பிறகு விமரிசகர்கள், பிறகு பாடப்புத்தகம். ஒவ்வொருவராக வந்து அர்த்தம் சொல்லச் சொல்ல அவள் அந்தப் படியில் ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தாள். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போய்ச் சொல்லிவிடலாம். அவன் இல்லை. அவன் மனைவிக்கு வலிக்காதபடி, கூடப் படித்தவள் என்ற அளவில், மாடி, மழை, கதவு, கை. 'நான் அறிந்த கதவு' என்று தலைப்புக்கூட வைத்தாயிற்று மனசுக்குள். ஒரே ஒரு தடவை, மைக்கில், இது என் கை என்று. சாகிறதுக்கு முன்னால் ஒரு மனுஷிக்கு இதுகூடக் கூடாதா?

பத்தாவது விடைத்தாளில் எழுத்து பென்சில் சீவினமாதிரி ஒல்லியாக, பக்கத்தின் இடது ஓரத்தை விட்டு நகரப் பயந்துகொண்டு நின்றது. நெடுவினா எழுதவே இல்லை. முப்பத்தெட்டுக்கு மட்டும் அரைப்பக்கம். அவள் பேனாவை வைத்துக்கொண்டே வாசித்தாள். 'எங்கள் வீட்டுக் கதவும் தள்ளினால் திறக்காது. அடியில் தரை தட்டும். எங்கள் அம்மா இடது கையால் தூக்கித் திறப்பாள். ஏனென்றால் வலது பக்கம் இடுப்பில் குடம் இருக்கும். அம்மா போன பிறகு எங்கள் அப்பாவுக்கு அந்தக் கதவைத் திறக்கத் தெரியவில்லை. ஒரு நாள் கோபத்தில் கழற்றி வெளியே கொண்டுவந்து சுவரில் சாத்திவிட்டார். இப்போது வாசலில் அம்மாவின் சேலையைக் கட்டியிருக்கிறோம். நான் பள்ளி விட்டு வந்தால் கதவுக்குப் பக்கத்தில்தான் இருந்து படிப்பேன். உள்ளே போகப் பிடிக்காது. கவிஞர் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும். ஆகையால் கதவு என்பது கதவாகும்.' அவ்வளவுதான். பியூலா வாசித்துவிட்டு ஜன்னலைப் பார்த்தாள். பிறகு மறுபடி வாசித்தாள். அம்மா போன பிறகு என்றால் செத்துப் போனாளா, விட்டுப் போனாளா? எழுதவில்லை. எந்த ஊர்? ஆணா பெண்ணா? பெயரையும் எண்ணையும் மறைத்து டம்மி நம்பர் போட்டிருக்கிறார்கள், கடவுளே வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது. குடம். இடது கைக்குக் குடம் காரணம். அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கவிஞர் வீட்டிலும் இப்படித்தான் நடந்திருக்கும். இல்லை தங்கம், அப்படி நடக்கவில்லை. எப்படி நடந்தது என்று தெரிந்த ஒரே ஆள் உன் தாளைத்தான் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் கதவு வெளியே நிற்கிறதே, அது உன் வீட்டில்தானே நிற்கிறது? எனக்கு முப்பத்தைந்து வருஷமாக நிற்கவில்லையே.

ஐந்து என்று போட்டாள். மொத்தம் கூட்டித் தாளை மடிக்குமுன் முதன்மைத் தேர்வாளர் ஆவுடையப்பன் வந்துவிட்டார். நல்ல மனுஷன், அவளைவிடப் பத்து வயது சின்னவர், மாதிரிக்கு ஒரு தாளை எடுத்துப் புரட்டுவது அவர் வேலை. எடுத்தது இதைத்தான். "என்ன டீச்சர், கதை எழுதியிருக்கு? அஞ்சு போட்டிருக்கீங்க?" "விடை சரிதான் சார்." "விடைக்குறிப்புல ஒண்ணுகூட இதுல இல்லையே. சமூகத் தடை எங்க, பொதுவுடைமை எங்க?" "சார், கதவு எப்படி சார் வெளிய நிக்கும்? ஒம்பது வருஷமா நாம பாடம் நடத்துதோம். யாராவது ஒருத்தர் சொன்னோமா? விடுதலைக்கான காத்திருப்புன்னு எழுதி ஒரு மார்க்கப் போட்டுட்டுப் போயிருதோம். இந்தப் பிள்ள சொல்லியிருக்கு. யாரோ திறந்துட்டு இருந்த ஆளு போயிட்டா, கதவு கதவா இருக்காது, அதுவும் நம்மகூட வெளிய வந்துரும்னு. இதுக்கு மேல கவிதைய யாரு சார் விளக்க முடியும்?" குரல் உயர்ந்துவிட்டது. முன்பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். முப்பத்தொரு முகாமில் அவள் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. ஆவுடையப்பன் தாளை ஒரு தடவை முழுசாக வாசித்தார். தாளைத் திரும்ப அவள் முன்னால் வைத்தார். "வாஸ்தவந்தான். ஆனா ஆகையால் கதவு என்பது கதவாகும்னு முடிச்சிருக்கே. குறியீடுன்னு ஒரு வார்த்தையாவது போட்டிருக்கலாம்லா. நாலு போடுங்க, நான் கையெழுத்துப் போடுதேன். யாரும் கேட்டா நான் சொல்லிக்கிடுதேன்." நாலு. அவர் போனதும் ஐந்தை அடித்து நான்கு போட்டு அவளும் பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள். ஜெசிந்தாவுக்கு இனிமேல் ஒன்றும் செய்வதற்கில்லை.

பதினொன்றும் பன்னிரண்டும் திருத்தினாள், என்ன எழுதியிருந்தது என்று அவளுக்கே தெரியாது. மனசு ஞாயிற்றுக்கிழமைக்குப் போய் மைக் முன்னால் நின்றது. மாடி, மழை, கதவு, கை, எல்லாம் சொல்லி முடித்தாயிற்று. கைதட்டுகிறார்கள். திரவியம் சும்மா இருக்கிற ஆளா? நினைவு மலரில் அச்சுப் போடுவார், படத்தோடு. அதை நோட்ஸ் போடுகிறவன் பார்ப்பான், அவனைப் பார்த்து வினாத்தாள் எடுக்கிறவர். அடுத்த சித்திரையில் இதே பெஞ்சில், இதே மின்விசிறிக்குக் கீழே, யாரோ ஒரு டீச்சர் விடைக்குறிப்பை விரித்து வைத்திருப்பாள். கதவு, கவிஞர் பயின்ற கல்லூரியின் நூலகக் கதவு. இடது கை, கவிஞரின் வகுப்புத் தோழியின் கை. தூக்கத் தெரிந்தவர், மேற்படித் தோழி. ஒன்றுக்கு ஒரு மதிப்பெண். அவளுக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்துவிட்டது, பக்கத்துப் பெஞ்சுக்காரர் நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு அடங்கினதும் பயம் வந்தது. அப்போது எங்கேயோ ஒரு பிள்ளை குடத்தையும் சேலையையும் எழுதும். அந்த டீச்சர் விடைக்குறிப்பைப் பார்ப்பாள், தாளைப் பார்ப்பாள். நாலு போடச் சொல்ல ஆவுடையப்பன் இருக்க மாட்டார். கவிஞர் வீட்டில் அப்படி நடக்கவில்லை என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும், சைபர் என்று போடுவாள். மில் வாசலில் நாற்பது நாள் உட்கார்ந்திருந்தவர்களுக்கும் சைபர்தான். அவள் ஒருத்திக்கு மட்டும் ஐந்துக்கு ஐந்து. குற்றாலிங்கம் ஏன் கல்லூரி என்று எழுதவில்லை, மழை என்று எழுதவில்லை, கதவுக்காரி என்று எழுதவில்லை என்று இத்தனை வருஷம் மனத்தாங்கல். எழுதியிருந்தால் அந்தக் கதவு அங்கேயே, மாடியிலேயே, இந்நேரம் கரையான் அரித்துப் போயிருக்கும். அவள் ஒருத்திதான் போய்ப் பார்த்துவிட்டு வந்திருப்பாள். இப்படி நினைப்பது ஆறுதலா, ஏமாற்றமா? ரெண்டும்தான். தண்ணீர் பாட்டிலைத் திறந்து இரண்டு மடக்குக் குடித்தாள்.

கட்டை ஒப்படைத்துக் கையெழுத்துப் போட்டு, போனை வாங்கி உயிர் கொடுத்தபோது ஐந்தடிக்கப் பத்து நிமிஷம். வெளியே வெயில் இறங்கவில்லை, ஆசிரியர்கள் குடையை விரித்துக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். போன் உடனே அடித்தது. "டீச்சர், அச்சாபீஸ்லதான் நிக்கேன். தலைப்பு என்ன போட?" "தலைப்பு ஒண்ணும் வேண்டாம் திரவியம். கூடப் படிச்சவங்கன்னு போடுங்க. நல்ல மனுஷன், நல்லா படிப்பான், கூச்ச சுபாவம்னு ரெண்டு வார்த்த பேசிட்டு எறங்கிருதேன்." மறுமுனையில் ஏமாற்றம் தெரிந்தது. "அப்ப அந்தக் கதவு, டீச்சர்? நெறைய பேரு ஆவலா இருக்காவ. அவரு வீட்டம்மாகூடக் கேட்டாவ, எத்தனையோ தடவ கேட்டும் அவரு சொல்லவே இல்லையாம், சிரிச்சுட்டே போயிருவாராம். ஒங்களுக்குத் தெரியும்னு நெனச்சோம்." பியூலா சாலை ஓரமாக ஒதுங்கி நின்றாள். அவன் சொல்லவில்லை. வீட்டுக்காரியிடம்கூட. ஒரு ஆட்டோ ஒலியடித்துக்கொண்டு போனது, அது போகிறவரை காத்திருந்தாள்.

"அது எந்தக் கதவுன்னு எனக்குத் தெரியாது திரவியம்" என்றாள். "எங்க காலேஜ்ல எல்லாக் கதவும் நல்லாத்தான் திறக்கும்."